இந்த ஆகஸ்ட் லீவில் நம் மலையில் நடப்போம்



ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் சம்பளப் பிரச்சினையும் லயத்துக் கூரைப் பிரச்சினையும் எழுதுகிறவர்கள், இப்போது “பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?” என்று கேட்கத் தொடங்குவார்கள். இம்முறை ஹாலி-எலவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரிலிருந்து லீவில் வருகிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். இமயமலையில் குடும்பத்தோடு நடக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “நாமும் எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போவோம்” என்று மூத்த மகன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். கட்டிய சீட்டு கைக்கு வருகிறது, போகலாமா என்று கேட்கிறார்.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். மலையில் பிறந்த பிள்ளைக்குப் பெரிய மலையைப் பார்க்க ஆசை வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நம் நாட்டு ஜயந்தி குரு உதும்பால 2016 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இலங்கையர் எவரும் அதற்கு முன் அங்கே நின்றதில்லை. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் கணக்கொன்று போட்டுப் பார்க்க வேண்டும். எவரெஸ்ட் பக்கம் நடக்கிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் லுக்லாவே 2,860 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த பெரிய ஊரான நாம்சே பசார் 3,440 மீற்றர். அடிவார முகாம் என்று நாம் லேசாகச் சொல்வது 5,364 மீற்றர். 2,500 மீற்றரைத் தாண்டினாலே சிலருக்கு மூச்சு முட்டும், தலை வலிக்கும், வயிறு குமட்டும். அதனால் ஏறுவதும், ஓரிடத்தில் தங்கி உடம்பைப் பழக்குவதும், மறுபடி ஏறுவதுமாக நாட்கள் போகும். மாமியாரின் முழங்காலும் சின்ன மகளின் பொறுமையும் அதற்கு ஒத்துவருமா என்று அந்த வாசகிக்குத்தான் தெரியும்.

நம் பதுளைக்கு மேலே நிற்கும் நமுனுகலை 2,036 மீற்றர். நாட்டிலேயே உயரமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். உயரத்தால் வரும் நோய்க்குப் பயப்படாமல், அப்பாயியும் பேரப்பிள்ளையும் ஒன்றாக நடக்கக்கூடிய மலைகள் நம்முடையவை. அவற்றில் எத்தனையில் நாம் நடந்திருக்கிறோம்?

சிரிக்காதீர்கள். “நடக்காத நாளே இல்லையே ஐயா” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். விடிந்ததும் பெரட்டுக்களத்துக்கு, அங்கிருந்து மலைக்கு, கூடை நிறைந்தால் கொழுந்து மடுவத்துக்கு, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் ஓட்டம், மறுபடி மேலே. பாடசாலைக்குக் குறுக்குப் பாதை, டவுனுக்கு பஸ் பிடிக்க இன்னொரு பாதை. இன்னும் பின்னே போனால், நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள். மலையகத்துக்கு 200 ஆண்டு ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தபோதும், அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்துதான் நினைவுகூர்ந்தார்கள். பிழைக்க நடந்தோம், பேர்க்காசுக்கு நடந்தோம், உரிமை கேட்டும் நடந்தோம். ஆசைக்கு நடந்ததில்லை. அதனால்தான் “சும்மா ஒரு நடை போய் வருவோமா?” என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இதற்கிடையே வேறு யாரோ ஆசையோடு நடக்க வந்துவிட்டார்கள். ‘பெக்கோ டிரெயில்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நடைபாதை அது. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மிகேல் குனாட் என்ற ஸ்பெயின் நாட்டவர் போட்ட திட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எயிட் நிறுவனமும் அதற்கு உதவின. அப்புத்தளை, எல்ல என்று நம் ஊவாவுக்குள்ளும் அது நீண்ட தூரம் போகிறது. அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதை இல்லை. ஆதியில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தோட்டம் திறந்த காலத்தில் போட்ட பாதைகள்தாம். கொழுந்து மூட்டையும் அரிசி மூட்டையும் போன வழிகளில் இன்று ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள் முதுகுப்பையோடு போகிறார்கள். நம் பிள்ளைகள் லயத்து வாசலில் நின்று கையசைக்கிறார்கள். நான் கேட்பதெல்லாம், கையசைக்கிற பக்கத்திலிருந்து ஒருமுறை நடக்கிற பக்கத்துக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள் என்பதுதான்.

ஆகஸ்டில் போவதற்குக் காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் அட்டன் பக்கமெல்லாம் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிய காற்றாகத்தான் வருகிறது. அதுதான் கச்சான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும்போது கொழுந்து மெல்ல வளரும். அந்தத் தவிப்பிலேயே இலைக்கு ஒரு தனி மணம் ஏறும். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் எடுத்தது அந்த மணத்தால். மேற்கே குடை பிடித்துக்கொண்டு நிற்கிற அதே வாரத்தில், நம் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும். காற்று மட்டும் பலம். இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனில் இறங்கினால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகலாம்? நடுப்பக்கங்களில் வழித்தடங்களை விரிவாகத் தந்திருக்கிறோம். எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் தெமோதரை. பதுளையில் காலைக் கோச்சியில் ஏறி அங்கே இறங்குங்கள். மலையைச் சுற்றி வளைந்து வரும் ரயில் பாதை, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும் இடம் அது. பாதையை எப்படிக் கீழே இறக்குவது என்று பொறியியலாளர்கள் திணறியபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. இமயமலையில் டார்ஜிலிங் சிறு ரயிலுக்கும் பட்டாசியா என்ற இடத்தில் இப்படியொரு வளையம் இருக்கிறது. அதைப் படம் எடுக்க உலகமே போகிறது. ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894 இல். அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 இல். இந்த முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றருக்கு ஏன் முப்பது ஆண்டு பிடித்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்குகளே பதில் சொல்லும்.

அங்கிருந்து எல்ல பக்கமாகத் தேயிலைக்குள் நடந்தால் ஒன்பது வளைவுப் பாலம். 1921 இல் முடிந்த பாலம். இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. பாலத்தைப் பக்கத்து மேட்டிலிருந்து பாருங்கள். தண்டவாளத்தில் நடந்து படம் எடுப்பது பழக்கமாகிப் போயிருக்கிறது. வளைவில் வரும் ரயில் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். பிள்ளைகளோடு போகும் நீங்கள் அந்த விளையாட்டுக்கு ஆளாக வேண்டாம். எல்லவில் சின்னச் சிவனொளிபாதமலை என்று சொல்லும் குன்று 1,141 மீற்றர். சின்னப் பிள்ளைகளின் முதல் ஏற்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான மலை கிடைக்காது.

இரண்டாவது, அப்புத்தளை. விடிகாலையில் தம்பேதென்னைக்கு பஸ் ஏறுங்கள். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்திருந்த தோமஸ் லிப்டன் 1890 இல் வாங்கிய தோட்டம் அது. ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் வரை சுமார் ஏழு கிலோமீற்றர், எல்லாம் தேயிலைக்கு நடுவே. ஒன்பது மணிக்கு முன் மேலே போய்விட்டால் நான்கைந்து மாகாணங்கள் காலடியில் விரியும். கொஞ்சம் தாமதித்தால் பனிமூட்டம் வந்து மூடிவிடும். அந்த ஏழு கிலோமீற்றர்தான் எனக்கு முக்கியம். லிப்டன் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அந்த மலையை நிரை பிடித்து நட்டவர்களுக்கும், கான் வெட்டியவர்களுக்கும், கவ்வாத்து வெட்டியவர்களுக்கும் பலகை இல்லை. உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால் அவரை முன்னால் நடக்கவிடுங்கள். இந்த மலை எப்போது கவ்வாத்து வெட்டியது, இது விதைத் தேயிலையா வீபி தேயிலையா, மட்டக்கம்பு எதற்கு, படங்கு ஏன் கட்டுகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அதில் பாதிகூட இருக்காது.

இறங்கி வந்ததும் அடிசம் பங்களாவைப் பார்க்கலாம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய மாளிகை, இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அங்கே விற்கும் ஜாம் போத்தல் ஒன்று வீட்டுக்கு வந்து சேரட்டும்.

மூன்றாவது, கொஸ்லாந்தைப் பக்கம். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் கீழே றோட்டில் நின்றே பார்க்கலாம். மேலே உள்ள நீர்த்தடாகங்களுக்குப் போகிறவர்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், பாறை வழுக்கும். ஹல்துமுல்லைப் பக்கம் பம்பரகந்தை இருக்கிறது. 263 மீற்றர், நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி. அதுவும் நம் மாவட்டத்தில்தான். கொஸ்லாந்தைக்குப் போகும் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது இந்தப் பக்கத்தில்தான். அழகைப் பார்க்க வந்த இடத்தில் சாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது, எச்சரிக்கை வந்தபின்னும் மக்கள் ஏன் போக இடமில்லாமல் அங்கேயே இருக்க நேர்கிறது என்பதெல்லாம், மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அவர்களுக்குப் புரியும்.

அதிகம் நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறவர்களுக்குப் பதுளை டவுனே போதும். முதியங்கனை விகாரையைப் பார்த்துவிட்டு, மகியங்கனை றோட்டில் கொஞ்சத் தூரம் போனால் துன்ஹிந்தை. 64 மீற்றர் நீர்வீழ்ச்சி. வழி நெடுக உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். மாறாக, வீட்டில் வாட்டசாட்டமான இளந்தாரிகள் இருந்தால் அவர்களுக்கு நமுனுகலை. பசறைப் பக்கத் தோட்டங்களிலிருந்தும் ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்தும் ஏறுகிறார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து ஊர்க்காரர் துணையில்லாமல் போகவே கூடாது.

சரி, கையில் என்ன எடுத்துப் போவது? தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். வாழையிலையில் சுற்றினால் மாலை வரை கெடாது. தண்ணீர் வேண்டிய அளவு. பீலித் தண்ணீரைக் குடிப்பதற்கு முன், மேலே மருந்து அடித்திருக்கிறார்களா என்று அந்த லயத்துக்காரரிடம் கேளுங்கள். அட்டைக்குச் சவர்க்காரத் துண்டோ உப்புப் பொட்டலமோ போதும். அட்டை கடித்து யாரும் சாகமாட்டார்கள். குளவி அப்படியில்லை. கொழுந்து எடுக்கும் நம் பெண்கள் ஆண்டுதோறும் குளவிக்கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போவது உங்களுக்குத் தெரியும், உயிரும் போயிருக்கிறது. மரத்தில் கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகுங்கள். கல்லெறியும் பிள்ளையின் கையை முதலிலேயே பிடித்துவிடுங்கள். பிற்பகலில் வானம் இருண்டால் மொட்டை முகட்டில் நிற்காமல் இறங்குங்கள். பதுளையில் அதிகாரியாக இருந்து ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் இன்றும் பதுளை டவுனில் நிற்கிறது. பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல, சீக்கிரம் இறங்க வைக்க இந்தக் கதை உதவும்.

இன்னொரு வேண்டுகோள் நம்மவர்களுக்கே. டவுனில் குடியேறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டால், நாமும் லயத்துக்குள் வெளிநாட்டார் மாதிரி போனைத் தூக்கிக்கொண்டு நுழைகிறோம். குளித்துக்கொண்டிருக்கும் பீலிக்கரையில் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு டொபி வீசாதீர்கள். வாசலில் நிற்கிறவரிடம் “அக்கா, இந்தப் பாதை எங்கே போகுது?” என்று கேளுங்கள். அவர் பாதையும் சொல்வார், தேத்தண்ணியும் ஊற்றுவார். குடித்த தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார். பக்கத்துச் சில்லறைக் கடையில் பிஸ்கட் வாங்கி அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தல் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும்.

இமயமலை ஆசைக்கு மறுபடி வருகிறேன். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. டென்சிங் நோர்கே 1935 இல் முதன்முதலாக எவரெஸ்ட் பக்கம் போனது சுமை தூக்குகிறவராகத்தான். துரைமார் ஏறுவார்கள், ஷெர்பாக்கள் மூட்டை தூக்குவார்கள் என்பதே அன்றைய ஏற்பாடு. 1953 மே 29 அன்று அதே டென்சிங், எட்மண்ட் ஹிலரியோடு உச்சியில் நின்றார். மறு ஆண்டு டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது, களப் பயிற்சிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. இன்று எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் தங்குவது ஷெர்பாக் குடும்பங்களின் விடுதிகளில், கேட்பது ஷெர்பா வழிகாட்டியின் பேச்சை. பெரும்பாலான மலையேற்றப் பாதைகளில் வெளிநாட்டார் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்று நேபாளம் 2023 ஏப்ரலில் விதியும் போட்டது. எல்லாம் பொன்னுலகம் என்று சொல்லவில்லை. இன்றும் பனிச்சரிவில் முதலில் உயிரைப் பணயம் வைப்பவர்கள் ஷெர்பாக்களே. ஆனால் மூட்டை தூக்கிய முதுகுக்கு மேலே ஒரு தலை இருக்கிறது, அந்தத் தலைக்குள் மலையைப் பற்றிய அறிவு இருக்கிறது என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

நம் மலையில் அது இன்னும் நடக்கவில்லை. எல்லவில் ஹோட்டல்கள் பெருகிவிட்டன. அங்கே நம் பிள்ளைகள் கோப்பை கழுவுகிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள். எந்த மேட்டில் சிறுத்தை நடமாடும், எந்தக் கானில் மழைக்குத் தண்ணீர் பெருகும், எந்தக் குறுக்கால் போனால் அரை மணி நேரம் மிச்சமாகும் என்று தெரிந்த பிள்ளை, அந்த அறிவுக்கு விலை உண்டு என்று தெரியாமலே கொழும்புக்குக் கடைச் சிப்பந்தியாகப் போகிறான். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, தேசிய வழிகாட்டிக்கு மட்டுமன்றி ஒரு பிரதேசத்துக்கு, ஓர் இடத்துக்கு என்றும் வழிகாட்டி உரிமம் கொடுக்கிறது. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவம் சொல்லிக்கொடுக்கும் அரச நிறுவனத்தின் பாடசாலை பண்டாரவளையிலேயே இருக்கிறது. சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பேசுங்கள். தமிழும் சிங்களமும் நாக்கில் இருக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால், இந்த மலையைப் பற்றி அவனைவிட, அவளைவிடச் சொல்லத் தகுதி யாருக்கு இருக்கிறது?

அதற்கு முதலில் அந்தப் பிள்ளைக்கே மலை பெருமையாகப் பட வேண்டும். தாத்தா ஏறிக் களைத்த இடம், நான் தப்பிப் போக வேண்டிய இடம் என்று மட்டும் மலையைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை, அதை இன்னொருவருக்குக் காட்டமாட்டான். லீவு நாளில், நல்ல உடுப்பு உடுத்து, அப்பா அம்மாவோடும் அப்பாயியோடும் சிரித்துப் பேசிக்கொண்டு, கூடையில்லாத முதுகோடு ஒருமுறை நடந்து பார்த்தவனுக்கு அந்த எண்ணம் மாறும் என்று நம்புகிறேன். குடும்பச் சுற்றுலா பற்றி ஆசிரியர் பக்கத்தை இவ்வளவு நீட்டியது அந்த நம்பிக்கையால்தான்.

ஹாலி-எல வாசகிக்கு என் பதில்: சீட்டுப் பணத்தை வங்கியில் போடுங்கள். இந்த ஆகஸ்டில் தெமோதரையிலும் தம்பேதென்னையிலும் மகனை நடக்கவிடுங்கள். களைக்காமல் நடந்து, இன்னும் வேண்டும் என்று கேட்டால், வளர்ந்தபின் இமயமலைக்கு அவனே போவான். அங்கே சந்திக்கும் ஷெர்பாவிடம் சொல்ல அவன் கையில் ஒரு சொந்த மலையின் கதையும் இருக்கும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தோட்டத்தில் குடும்பத்தோடு நடக்கத் தோதான ஒரு பாதையை எழுதி அனுப்புங்கள். எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், தண்ணீர் எங்கே கிடைக்கும், குளவிக்கூடு எந்தப் பக்கம், மழைக்கு ஒதுங்கக் கோயில் மண்டபம் உண்டா, அந்தப் பாதையைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் கதை என்ன என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். மடூல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் கட்டாயம் வர வேண்டும். அந்தப் பக்கங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. செப்டெம்பர் இதழிலிருந்து மாதம் ஒரு பாதையை வெளியிடுவோம். எழுதியவர் பெயரோடு, கதை சொன்ன பெரியவரின் பெயரையும் சேர்த்தே அச்சிடுவோம்.

நல்ல காலணி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பயணம் இனிதாகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்